குடல் செல்கள் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

பெங்களூருவில் பழ ஈக்களின் குடலை ஆராய்கிறேன். நம் குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அல்சூரிலிருந்து: அக்கா, குடலின் உள்தோல் நாலைந்து நாளில் புதிதாகிவிடுமாமே? அப்படியானால் அளவு எப்படி மாறாமல் இருக்கிறது?

நிஜம்தான், சிறுகுடலில் 3 முதல் 5 நாள். குடலின் உள்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடியில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. எலியை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு குழியின் அடியிலும் சுமார் 15 ஸ்டெம் செல்கள், அதாவது பிரிந்து புதுச் செல்களைத் தரும் மூலச் செல்கள்; அவற்றுக்கு நடுவே பேனத் செல்கள் என்ற துணைச் செல்கள். "பிரிந்துகொண்டே இரு" என்னும் வின்ட் சமிக்ஞையைப் பேனத் செல்களும் குழியைச் சுற்றியுள்ள திசுவும் தருகின்றன. இடமோ குறைவு. ஒன்று இரண்டானால் யாராவது மேலே தள்ளப்பட வேண்டும், மேலே போகப் போக வின்ட் குறைந்து பிஎம்பி என்ற சமிக்ஞை கூடும், அது "பிரிந்தது போதும், முதிர்ந்து வேலையைப் பார்" என்கிறது. ஆக, ஸ்டெம் செல்லாக நீடிப்பதை முடிவு செய்வது பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும் இடம்தான். 2007இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு இந்த ஸ்டெம் செல்களைக் காட்டிக்கொடுக்கும் எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தைக் கண்டுபிடித்த பிறகே இதையெல்லாம் தெளிவாகப் பின்தொடர முடிந்தது.

பெல்லந்தூரிலிருந்து: ஸ்டெம் செல்லைப் பெருக்கும் பொடி என்று ஒன்று விற்கிறார்கள், அப்பாவுக்கு வாங்கலாமா மேடம்?

தயவுசெய்து வேண்டாம். பெருகினால் நல்லது என்ற எண்ணமே தவறு. வின்ட் அதிகமானால் அதை வாங்கும் ஏற்பியையே அகற்றிவிடும் ஆர்என்எஃப்43 என்ற பிரேக்கை ஸ்டெம் செல் தானே தயாரிக்கிறது, உடம்பு அவ்வளவு கவனமாக இருக்கிறது. ஏபிசி என்ற இன்னொரு பிரேக் மரபணு பழுதானால் என்ன ஆகும் தெரியுமா? பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் அதுதான் பழுதாகியிருக்கிறது. அப்பாவுக்கு வயிற்றுத் தொல்லை இருந்தால் குடல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜெயநகரிலிருந்து: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது, ஒரே வயிற்றுப்போக்கு. போன செல்கள் திரும்ப வருமா?

கீமோ மருந்துகள் பலவும் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதால் குடலும் அடி வாங்குகிறது. ஆனால் குடல் மீளக்கூடியது. எலிகளில் ஸ்டெம் செல்களை அழித்துப் பார்த்தபோது, மேலே போய்விட்ட இளம் செல்களே திரும்ப ஸ்டெம் செல்களாக மாறின. அதற்காகக் காத்திருக்காதீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது என்று குறித்து இன்றே சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து: இதற்கு ஈ எதற்கு?

ஈக்கும் குடல் ஸ்டெம் செல் உண்டு என்று 2006இல் தெரிந்தது. கிருமி தின்ற ஈயின் குடலில், காயப்பட்ட செல்களே யுபிடி என்ற புரதத்தை வெளியிட்டு "எனக்குப் பதில் ஆள் அனுப்பு" என்று ஸ்டெம் செல்லைத் தூண்டுகின்றன. காயம் ஆறினால் அந்தச் சத்தமும் அடங்கிவிடும், பிரிவதும் பழைய வேகத்துக்கு வந்துவிடும்.