வலைத்தளத்துக்குள் நடந்து போக ஒரு வரைபடம்: கேள்வி பதில்

போன மாதம் சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் நண்பர்கள் கூடியபோது என் சொந்த வலைத்தளத்தின் முப்பரிமாண வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுப் பதில் எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்கு: 2004இலிருந்து எழுதிச் சேர்த்த 412 பக்கங்கள் அந்தத் தளத்தில் இருக்கின்றன. சமையல், பயணம், சிறுகதை, புத்தகம், செடிகொடி, அப்பாவின் நாட்குறிப்பு என்று ஆறு பிரிவுகள். வரைபடத்தில் அது ஒரு வீவக பேட்டை, அதாவது நம் ஊர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு. பிரிவுக்கு ஒரு புளோக் (கட்டடம்), ஆண்டுக்கு ஒரு மாடி, பக்கத்துக்கு ஒரு வீடு. கதவைத் தொட்டால் பக்கம் திறக்கும். கடந்த ஆறு மாதத்தில் நான் எழுதிய அல்லது திருத்திய பக்கமாக இருந்தால் சன்னலில் விளக்கு எரியும்.

தெம்பனிஸிலிருந்து: அக்கா, எனக்கும் இப்படி ஒன்று செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பட்டியலிலிருந்து. படம் வரையும் நிரலைத் தொடவே வேண்டாம். முதலில் ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு, முகவரி, பிரிவு, எழுதிய ஆண்டு, கடைசியாகத் திருத்திய தேதி ஆகியவற்றைப் போடுங்கள். எனக்கு இதற்கு மட்டும் இரண்டு வார இறுதிகள் ஆயின. செய்யும்போதே ஒன்பது பக்கங்களுக்கு எங்கிருந்தும் இணைப்பே இல்லை என்று தெரிய வந்தது. இத்தனை வருடமாக வாசல் இல்லாத வீடுகளாகக் கிடந்திருக்கின்றன.

அந்தத் தாளை ஒரு ஜேசன் கோப்பாக, அதாவது நிரல் படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக மாற்றுங்கள். அதே கோப்பிலிருந்து ஒரு சாதாரண எச்டிஎம்எல் பக்கமும் தயாராகட்டும்: பிரிவு வாரியாக, வெறும் இணைப்புகள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு முப்பரிமாணப் படம் வெறும் சுவர். தேடுபொறிக்கும் அப்படியே. பட்டியல் இல்லாமல் வரைபடத்தை வெளியிடாதீர்கள்.

அப்புறம் இடம் குறிப்பது. புளோக்குகள் நிற்கும் இடத்தை நான் காகிதத்தில் கையால் போட்டேன். உயரம் மட்டும் கணக்கு: ஆண்டிலிருந்து 2004ஐக் கழித்து மூன்றால் பெருக்கு. 2011இல் எழுதிய மீன்குழம்புப் பக்கத்துக்கு 21 வரும். நம் ஊரில் தரைமட்டமே முதல் மாடி என்பதால் அது எட்டாவது மாடி. அந்த ஆண்டு எழுதியதில் மூன்றாவது பக்கம், ஆகவே வீட்டு எண் 08-03. புது ஆண்டு பிறந்தால் மேலே ஒரு மாடி கூடும், பழைய வீடு எதுவும் அசையாது.

வரைவதற்கு த்ரீ ஜேஎஸ், பிரவுசரில் முப்பரிமாணம் வரையும் நிரல் தொகுப்பு. 412 பெட்டிகளைத் தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கும்போதும் 412 கட்டளைகள் போகும். 'இன்ஸ்டன்ஸ்டு மெஷ்' என்று ஒன்று இருக்கிறது. ஒரே பெட்டி வடிவத்தைக் கொடுத்து, இடங்களின் பட்டியலையும் கொடுத்தால் மொத்தமும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

ஈசூனிலிருந்து: பக்கங்களைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் போட்டால், தானாகவே இழுத்துத் தள்ளி அடுக்கிக்கொள்ளும் நிரல்கள் இருக்கின்றனவே. கையால் ஏன் அடுக்கினீர்கள்?

அப்படித்தான் நானும் முதலில் செய்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்தால் எல்லாப் புள்ளிகளும் வேறு இடத்தில் போய் உட்காரும். நேற்று இடது மேல் மூலையில் இருந்த மீன்குழம்பு இன்று நடுவில். வாசகர் தேடிப் பிடித்த இடத்தை நாமே கலைத்துவிடுகிறோம்.

அப்பாவின் நண்பர் ஒருவர், 78 வயது, என் வரைபடத்தை இரண்டே முறை பார்த்தார். மூன்றாவது முறை பக்கத்தின் தலைப்பு நினைவில் இல்லை. "உன் அப்பா புளோக்கில் வலது ஓரம், மேலிருந்து மூணாவது மாடி" என்று சொல்லிக்கொண்டே நேராகப் போய்த் திறந்தார். இடம் மாறாமல் இருந்தால்தான் அது வரைபடம். தானியங்கி முறையை விட மனமில்லை என்றால் ஒரே ஒருமுறை ஓட்டி, வந்த இட எண்களைக் கோப்பில் எழுதிப் பூட்டிவிடுங்கள். மறுபடி ஓட்டாதீர்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: தமிழ்த் தலைப்புகள் உடைந்து வருகின்றன. என்ன செய்வது?

இதற்காகவே ஒரு மாதம் செலவழித்தேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

த்ரீ ஜேஎஸ்ஸில் எழுத்து வரையும் கருவியான 'டெக்ஸ்ட் ஜியோமெட்ரி' எழுத்துகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக நிறுத்தும். ஆங்கிலத்துக்கு அது போதும். 'பொங்கல்' என்று கொடுத்துப் பாருங்கள். கணினிக்குள் 'பொ' என்பது ப, அதற்குப் பின் ஒரு உயிர்க்குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ப-வுக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். அந்த வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லை. ப முன்னால் வந்துவிடும், கொம்பும் காலும் பின்னால் அநாதையாக நிற்கும், புள்ளியும் இடம் தவறிக் கிடக்கும்.

பிரவுசருக்குத் தமிழ் கோக்கத் தெரியும். ஆகவே அதனிடமே விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கேன்வாஸில் (பிரவுசரின் வரைபலகை) தலைப்பை எழுதச் சொல்லி, அதைப் படமாக எடுத்துக் கதவில் ஒட்டுங்கள். மூன்று இடத்தில் கவனம் வேண்டும். எழுத்துரு முழுவதும் இறங்கிவிட்டதா என்று பிரவுசரைக் கேட்ட பிறகே எழுதுங்கள், இல்லாவிட்டால் முதல் முறை வேறு எழுத்துருவில் வரும். மேலும் கீழும் கால் பங்கு இடம் விடுங்கள், இல்லாவிட்டால் 'கி'யின் சுழியும் 'மு'வின் வாலும் வெட்டுப்படும். மூன்றாவது, நினைவகம். 512க்கு 128 பிக்சல் அளவுள்ள ஒரு தலைப்புப் பலகை 256 கேபி பிடிக்கும். 412 பலகைக்கு 103 எம்பி. பழைய கைப்பேசி தாங்காது. பக்கத்தில் இருக்கும் 40 கதவுகளுக்கு மட்டும் எழுதினால் 10 எம்பியில் முடிந்துவிடும்.

செங்காங்கிலிருந்து: நிரல் எழுதாமல் செய்ய முடியுமா?

நல்ல வரைபடம் முடியாது. நல்ல பட்டியல் முடியும், அதைச் செய்யுங்கள்.

ஜூரோங்கிலிருந்து: இதெல்லாம் புதுத் தொழில்நுட்பமா?

இல்லை. 1996இலேயே ஆப்பிளில் இதைச் செய்தார்கள். செய்தவர் ராமநாதன் குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர். தளத்தின் பக்கங்களை விவரிக்க எம்சிஎஃப் என்று ஒரு வடிவம் வகுத்தார். அதைப் படித்துக் காட்டும் கருவியின் பெயர் ஹாட்சாஸ். கறுப்பு வெளியில் பக்கத் தலைப்புகள் மிதக்கும், சுட்டியை அழுத்தினால் அவற்றை நோக்கிப் பறந்து போகலாம். அதே காலத்தில் விஆர்எம்எல் என்ற முப்பரிமாண விவரிப்பு மொழி இருந்தது, 1997இல் ஐஎஸ்ஓ தரமும் பெற்றது. ஆனால் பார்ப்பவர் தனியாகச் செருகுநிரல் நிறுவ வேண்டும், அங்கேயே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். 2011இல், பிரவுசருக்குள்ளேயே முப்பரிமாணம் வரையும் வெப்ஜிஎல் வந்த பிறகுதான் பிரவுசர் மட்டும் இருந்தால் போதும் என்று ஆனது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஹாட்சாஸ் இன்று இல்லை. ஆனால் அதன் அடியில் இருந்த பட்டியல் வடிவம் பிழைத்துக்கொண்டது. அது ஆர்டிஎஃப் என்ற இணையத் தரவு விவரிப்பு முறையாக வளர்ந்தது, தளத்தின் புதுப் பதிவுகளைத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ்ஸின் 1999இல் வந்த முதல் பதிப்பிலும் குஹாவின் கை உண்டு. பட்டியலை முதலில் செய்யுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பிடோக்கிலிருந்து: எம்ஆர்டி ரயில் வரைபடம் தட்டைதான். எத்தனையோ பேர் தினமும் அதை வைத்துத்தான் போய் வருகிறார்கள். மூன்றாவது பரிமாணம் வெறும் அலங்காரம் இல்லையா?

எம்ஆர்டி வரைபடம் 1933இல் லண்டனில் வெளியான ஹாரி பெக்கின் சுரங்க ரயில் வரைபட வழியில் வந்தது. எந்தப் பாதை, எங்கே மாறுவது என்ற இரண்டே கேள்விகளுக்கு அது பதில் சொல்கிறது. அதற்குத் தட்டை போதும். ஆனால் டோபி காட் நிலையத்தில் மூன்று பாதைகள் வெவ்வேறு ஆழத்தில் இருப்பதும், மாறுவதற்குள் எத்தனை மின்படிக்கட்டு ஏற வேண்டும் என்பதும் அந்த வட்டத்தில் தெரியாது. என் தளத்தில் உயரம் என்பது ஆண்டு. உயரத்துக்குப் பொருள் இல்லை என்றால் தட்டையாகவே போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

மீண்டும் பிடோக்: ஆண்டை நிறத்தில் காட்டிவிடலாமே?

இருபது ஆண்டுக்கு இருபது நிறம் வேண்டும். ஆறு ஏழுக்கு மேல் கண் பிரித்தறியாது. நிறக்குறைபாடு உள்ளவருக்கு அதுவும் இல்லை. எட்டாவது மாடி ஒன்பதாவதுக்குக் கீழே என்று குழந்தைக்கும் தெரியும்.

பொங்கோலிலிருந்து: நான் பிடோக் நண்பர் பக்கம். முன்னால் நிற்கும் புளோக் பின்னால் இருப்பதை மறைக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இதுதான் சரியான ஆட்சேபம். முப்பரிமாணத்தில் ஒன்று இன்னொன்றை மறைத்தே தீரும். முதல் வடிவத்தில் புளோக்குகளை வரிசையாக நிறுத்தியிருந்தேன், செடிகொடிப் பிரிவு யார் கண்ணிலும் படவே இல்லை. பிறகு ஆறையும் அரைவட்டமாக மாற்றி, எல்லாப் பொது நடைபாதைகளும் நடுத்திடலைப் பார்க்கும்படி வைத்தேன். திடலில் நின்று திரும்பினால் 412 கதவுகளும் தெரியும். பின்புறத்தில் எதுவும் கிடையாது. ஆறு பிரிவுக்கு இது சரிவரும். முப்பது பிரிவு இருந்தால் சரிவராது, அப்போது நீங்கள் இருவரும் சொல்வதே சரி.

மூன்றாம் முறை பிடோக்: என் தளத்தில் 38 பக்கங்கள்தான்.

அப்படியானால் உங்களுக்கு வரைபடமே வேண்டாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அங் மோ கியோவிலிருந்து: கைப்பேசி சூடாகிறது.

இரண்டு மாற்றங்கள். எதுவும் அசையாதபோது வரையாதீர்கள். விரல் பட்டால் மட்டும் வரையட்டும். அப்புறம், திரையின் பிக்சல் விகிதம் (ஒரு புள்ளியின் ஒரு பக்கத்துக்கு எத்தனை பிக்சல் என்பது) மூன்று என்றால் ஒன்றோடு ஒப்பிட ஒன்பது மடங்கு வேலை. அதை இரண்டோடு நிறுத்தினால் நான்கு மடங்குதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தோ பாயோவிலிருந்து: பறந்து போகும்போது என் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது.

பறக்கும் முறையை எடுத்துவிடுங்கள். கேமரா திடலைச் சுற்றி வரட்டும், தரைக்குக் கீழே இறங்காதபடி கோணத்தைப் பூட்டுங்கள். அசைவைக் குறைக்கச் சொல்லி அம்மாவின் கைப்பேசியில் அமைத்திருந்தால் பிரவுசர் அதை உங்கள் நிரலுக்குச் சொல்லும். அதைக் கேட்டு, நகராமல் நேரே அந்தக் கதவில் போய் நில்லுங்கள். பட்டியலும் கீழே இருக்கட்டும். அம்மா அதைத்தான் பயன்படுத்துவார்.

நிரல் தெரியாமல் செய்ய ஏதாவது செயலி உண்டா? (நால்வர்)

செங்காங் நண்பருக்குச் சொன்ன பதில்தான்.

உண்மையான பேட்டையின் மாதிரியை அரசின் ஒன்மேப் வரைபடத்திலிருந்து எடுத்துப் போடலாமா?

அது நில அளவைத் தரவு, உரிம விதிகளும் உண்டு. அந்தத் துறையில் இருப்பவரைக் கேளுங்கள்.

பழைய பக்கத்தை நீக்கினால் அந்த வீட்டை என்ன செய்வது?

வீடு இருக்கட்டும். கதவை மூடி, விளக்கை அணையுங்கள். பக்கத்து வீட்டை அங்கே நகர்த்தாதீர்கள்.

கிளமெண்டியிலிருந்து: அக்கா, உங்கள் அப்பாவின் புளோக் மட்டும் ஏன் 13 மாடியோடு நிற்கிறது?

அவர் 2016இல் காலமானார். மற்ற ஐந்தும் வளர்ந்துகொண்டு போகின்றன, அதன் மேல் மாடி கட்ட எனக்கு உரிமையில்லை. ஆனால் போன வாரம் அவர் கையெழுத்தை மறுபடி கூர்ந்து பார்த்தபோது, 2010ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில் நான் 'சந்தை' என்று படித்திருந்தது உண்மையில் 'சந்தா' என்று புரிந்தது. திருத்தினேன். இப்போது ஏழாவது மாடியில் ஒரு சன்னலில் விளக்கு எரிகிறது.