பதில்: முல்லர் குடும்பச் சின்னம்

சகோதரி, கணவர் வீட்டுப் பெயர் முல்லர் என்பதால், இணையக் கடையில் பார்த்த 'முல்லர் குலச்சின்னத்தை' (ஒரு குடும்பத்தின் அடையாளமாகக் கேடயத்தில் பொறிக்கும் சின்னம்) வாங்கிச் சட்டம் போட்டு மாமனாருக்குப் பரிசளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர். ஜெர்மனியில் ஊருக்கு ஊர் ஆலை இருந்தது, ஆலைக்காரரும் இருந்தார். அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயரே இதுதான். நாம் அறிந்த சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரும் உங்கள் மாமனாரும் பெயரால் மட்டும் உறவாகிவிட மாட்டார்கள். சின்னமும் அப்படித்தான்: அது பெயருக்குச் சொந்தமல்ல, முதலில் ஏற்றவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே சொந்தம். ஆலைச் சக்கரம் பொறித்த முல்லர் சின்னங்களே பல உண்டு. எல்லாம் வெவ்வேறு குடும்பங்களுடையவை.

ஆனால் மனம் தளர வேண்டாம். பிரபுக்கள் மட்டுமல்ல, நகரத்துக் கைவினைஞர்களும் விவசாயிகளும்கூட அங்கே சின்னம் வைத்திருந்தார்கள். மாமனாரிடம் அவருடைய தாத்தா பிறந்த ஊரைக் கேளுங்கள். அந்த ஊர்ப் பதிவேடுகளில் மூதாதையரைத் தேடலாம்: 1876 முதல் ஜெர்மனி முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசுப் பதிவு உண்டு. அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகள். சின்னம் தாங்கிய மூதாதை கிடைக்காவிட்டால், புதிதாக ஒன்றை வரைந்து, 1869இல் பெர்லினில் தொடங்கிய 'ஹெரோல்டு' என்ற குலச்சின்ன ஆய்வுச் சங்கத்தின் சின்னப் பதிவேட்டில் சேர்க்க விண்ணப்பிக்கலாம்.