கடன் வாங்கிப் பாலிசி கட்டுகிறீர்கள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். எனக்கு வயது 53. மகன் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் வரலாறு இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறான். உதவித்தொகை போக ஆண்டுக்கு 17,000 டாலர் துண்டு விழுகிறது. கோடையில் ஜோர்டானில் அகழாய்வு, அருங்காட்சியகத்தில் பயிற்சி என்று மேலும் 4,000. இரண்டு ஆண்டுகளும் தலா 22,000 டாலர் பேரண்ட் பிளஸ் கடன் (பிள்ளை படிப்புக்குப் பெற்றோர் பெயரில் அரசு தரும் கடன்) வாங்கிச் சமாளித்தேன். படிக்கிற பிள்ளை தலையில் கடன் வேண்டாம் என்று அவன் பெயரில் எதுவும் வாங்கவில்லை. சகலை சொன்னதால், பிள்ளைகள் படிப்புக்காக ஐயூஎல் பாலிசி (பங்குச்சந்தைக் குறியீட்டை வைத்துச் சேமிப்பு வளரும் ஆயுள் காப்பீடு) எடுத்து இரண்டு ஆண்டுகளாக மாதம் 600 டாலர் கட்டுகிறேன். மகள் இப்போது பத்தாம் வகுப்பு. “வரலாறு சோறு போடாது, கம்ப்யூட்டருக்கு மாற்று” என்று சகலை விடாமல் சொல்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மகனின் பாடம் இல்லை.

மாதம் 600 என்றால் ஆண்டுக்கு 7,200. அந்தப் பணம் கையில் இல்லாததால்தான் அதே அளவுக்குக் கூடுதலாகக் கடன் வாங்குகிறீர்கள். அதாவது, பாலிசிக்கான பிரீமியம் கடனிலிருந்து போகிறது. அந்தக் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி 9.08 சதவீதம், அடுத்த ஆண்டு 8.94. போதாததற்கு 4.228 சதவீதக் கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். 22,000 வாங்கினால் கைக்கு வருவது சுமார் 21,070. இவ்வளவையும் ஈடுகட்டி மேலே லாபமும் தரும் என்று எந்த ஐயூஎல்லையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் பிரீமியத்தில் பெரும்பகுதி கமிஷனுக்கும் காப்பீட்டுச் செலவுக்கும் போய்விடும். பத்து ஆண்டுகளுக்கு முன் வெளியே வந்தால் பெரும்பாலும் சரண்டர் கட்டணமும் உண்டு. உங்கள் மகன் இன்னும் இரண்டே ஆண்டுகளில் பட்டம் வாங்கிவிடுவான்.

“பாலிசியில் சேரும் பணத்தை ஃபாஃப்சா என்ற அரசுக் கல்வி நிதியுதவிப் படிவத்தில் காட்ட வேண்டாம், உதவித்தொகை கூடும்” என்று சொல்லியிருப்பார்கள். காட்ட வேண்டாம் என்பது உண்மைதான். 401கே ஓய்வுக்காலச் சேமிப்பையும் குடியிருக்கும் வீட்டையும் கூடத்தான் காட்ட வேண்டாம். இதற்கென்று ஒரு பாலிசி எதற்கு?

இப்படியே போனால் என்ன ஆகும்? நான்கு ஆண்டுக்கு அசல் 88,000. பிளஸ் கடனுக்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். படிப்பு முடியும்வரை தவணையைத் தள்ளிப்போட்டால் குத்துமதிப்பாக இன்னொரு 20,000 சேரும். மொத்தம் 1 லட்சத்து 8 ஆயிரம். பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் 1,370 டாலர், உங்களுக்கு 65 வயதாகும்வரை.

சரி, மூன்றாம் ஆண்டுக்கு இப்படிச் செய்யுங்கள். மகன் தன் பெயரிலேயே அரசுக் கடன் 7,500 வாங்கலாம். 2025-26 கல்வியாண்டில் அதன் வட்டி 6.39 சதவீதம்தான், கட்டணமும் ஏறத்தாழ ஒரு சதவீதம். அவன் தலையில் கடன் வேண்டாம் என்ற உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் அவனுக்கு முன்னால் 40 ஆண்டு சம்பாத்தியம் இருக்கிறது, உங்களுக்குப் பன்னிரண்டு. 17,000-இல் அது போக 9,500. பாலிசியின் 600-இல் மாதம் 330-ஐ இப்போதைய 44,000 கடனின் வட்டிக்குக் கட்டுங்கள், அது வளராது. மீதி 270-ஐப் பல்கலைக்கழகத்தின் மாதத் தவணைத் திட்டத்தில் போட்டால் ஆண்டுக்கு 3,240. பாக்கி 6,300-க்குள் வந்துவிடுகிறது.

இனி அந்தக் கோடைச் செலவு. களத்தில் இறங்கிக் கற்பதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். வரலாறு படிப்பவனுக்கு வேலை வாங்கித் தருவது அதுதான். கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களுக்கு இது புதிதும் இல்லை. ஜோர்டானின் ஹெஸ்பான் மேட்டில் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 1968-லேயே அகழாய்வு தொடங்கியது. மகன் ஒரு முறை மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டான், அது போதும். சம்பளமில்லாத பயிற்சிக்குக் கோடையில் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) பதிந்தால், வேலையும் செய்து கட்டணமும் கட்ட வேண்டிவரும். அதே பயிற்சியை இலையுதிர் பருவத்தில் பதிய முடியுமா என்று துறையில் கேட்கச் சொல்லுங்கள். பல இடங்களில் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம்தான்.

அப்புறம், நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் சம்பளத்துக்கு மாணவர் வேலை இருக்கும். பழைய கடிதங்களில் துருப்பிடித்த கிளிப்பைக் காகிதம் கிழியாமல் கழற்றி, அமிலமில்லாத உறையில் வைத்து, பென்சிலால் எண் எழுதும் வேலை. பேனாவை உள்ளே விடவே மாட்டார்கள். உங்கள் மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? தெரிந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் வரியில் போடச் சொல்லுங்கள். அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் பணி தொடங்கியவர்கள். அவர்களை அனுப்பிய ‘அமெரிக்கன் போர்டு’ என்ற மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட தொகுப்புகளுக்கு அந்த மொழி தெரிந்த மாணவன் கிடைப்பது அபூர்வம். பருவ வேலையும் கோடை வேலையுமாக அவன் 3,500 சேர்த்தால் உங்கள் கடன் 22,000-லிருந்து 3,000-க்குள் இறங்கிவிடும். உங்கள் சபை ஒரு தொகை கொடுத்தால் அதற்கு ஈடாகத் தாங்களும் கொடுக்கும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் உண்டு. நிதியுதவி அலுவலகத்தில் இதையும் கேளுங்கள்.

பாலிசியை இன்றே ரத்து செய்துவிடாதீர்கள். முதலில் டெர்ம் பாலிசிக்கு (சேமிப்பு இல்லாத, வெறும் ஆயுள் காப்பீடு) விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, அது நடைமுறைக்கு வந்த பிறகு ஐயூஎல்லை நிறுத்துங்கள். கட்டிய 14,400-இல் கொஞ்சம்தான் திரும்பும், மனசு வலிக்கும். அதற்காக மூன்றாம் ஆண்டும் கட்ட வேண்டியதில்லை.

மகள் விஷயத்தில் ஒன்று. 2026 ஜூலை 1 முதல் பேரண்ட் பிளஸ் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. ஏற்கெனவே கடனெடுத்த மகனுக்குக் கொஞ்ச காலம் பழைய விதி செல்லும், மகளுக்குச் செல்லாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் நிகரச் செலவுக் கணிப்பான் இருக்கும். அவள் விண்ணப்பிக்கும் முன் அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்.

சகலையிடம், “இரண்டு பிள்ளை படிப்பு முடியட்டும், இப்போது முடியாது” என்று சொன்னால் போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் இன்னொரு பாலிசியோடு வருவார்.