பாட்டை ஓட்டிவிட்டால் கதையும் போய்விடும்

கேள்வி: சின்ன வயதில் சிலோன் ரேடியோவிலும் விவித் பாரதியிலும் கேட்ட ஹிந்திப் பாட்டுகள் இன்னும் காதிலேயே இருக்கின்றன. ஹிந்தி பேச வராது. ரிட்டயர் ஆனபின் அந்தப் படங்களையே பார்ப்போம் என்று பேரனிடம் சொல்லி 'முகல்-ஏ-ஆஸம்' போடச் சொன்னேன். பழைய போட்டோவுக்கு வர்ணம் அடித்த மாதிரி இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கண் சொருகிவிட்டது. அடுத்து 'பியாஸா'. தெரிந்த பாட்டுதானே என்று பாட்டையெல்லாம் ஓட்டிவிட்டுப் பார்த்தேன், கதையே பிடிபடவில்லை. இன்னொரு படத்தில் எல்லோருக்கும் நெற்றிக்கு மேலே காணோம். எனக்குப் பாட்டு மட்டும்தான் கொடுத்துவைத்ததா? எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் ரசனையில் ஒரு பழுதும் இல்லை. முதல் படத்தில் பிரதி சரியில்லை, மூன்றாவதில் டிவி செட்டிங் சரியில்லை. நடுவில் உள்ளது மட்டும் நீங்களே செய்துகொண்டது. அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

குரு தத்தின் 'பியாஸா' (1957) யாரும் சீண்டாத ஒரு கவிஞனின் கதை. அவன் கவிதைக் கட்டை அண்ணன்மார் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒருநாள் இரவு, தான் எழுதிய வரியையே எவளோ ஒருத்தி பாடுவது காதில் விழுகிறது. திரும்பிப் பார்க்கிறான். அதற்கடுத்து கீதா தத் குரலில் வரும் பாட்டு முழுக்க அவள் முன்னே நடக்க, இவன் பின்னே போகிறான். வந்தவன் வாடிக்கைக்காரன் என்று அவள் நினைக்கிறாள். என் கவிதை இவளிடம் எப்படி வந்தது என்பது இவனுடைய கேள்வி. அவளாக நடிக்கும் வஹீதா ரஹ்மானும் கவிஞனாக நடிக்கும் குரு தத்தும் சந்திக்கும் இடமே இதுதான். இதை ஓட்டிவிட்டால் பிறகு யார் இந்தப் பெண் என்று விழிக்க வேண்டியதுதான். கடைசியில், இறந்துவிட்டான் என்று ஊரே நம்பி நடத்தும் தன் நினைவுக் கூட்டத்துக்கு அவனே வந்து வாசலில் நின்று பேசுவதும் ரஃபியின் குரலில் பாட்டாகத்தான். சாஹிர் லுதியான்வியின் வரிகள் புரியாவிட்டால், ஒருவர் சோகமாக நின்று பாடுகிறார் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஆகவே படம் போடும் முன் ஒரு நிமிடச் சோதனை. ஏதாவது ஒரு பாட்டு வரும் இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். பாட்டுக்கு அடியிலும் சப்டைட்டில் ஓடுகிறதா? வசனத்துக்கு மட்டும் எழுத்துப் போட்டு, பாட்டு வந்ததும் நின்றுவிடும் பிரதிகள் நிறைய உண்டு. அப்படியானால் அதை மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.

இன்னொன்று: 'தெரிந்த பாட்டு' என்கிறீர்களே, ரேடியோ தந்தது இசைத்தட்டுப் பாட்டு. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம்தான் கொள்ளும். நீளமான பாட்டாக இருந்தால் சரணம் குறையும், இடையிசை சுருங்கும். நீங்கள் அறுபது வருடமாகக் கேட்ட பாட்டில் நீங்கள் கேட்டேயிராத ஒரு சரணம் படத்தில் இருக்கலாம்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். அந்தக் காலப் பாட்டு எழுதியவர்களில் பலர் உருதுக் கவிஞர்கள். சுற்றிச் சுற்றி ஒரே சொற்கள்தான் வரும். பதினைந்து சொல் போதும்: இஷ்க், மொஹப்பத் (காதல்), வஃபா (மாறாத அன்பு), பேவஃபா (அது இல்லாதவர்), கம் (துயரம்), ஜுதாயி (பிரிவு), தன்ஹாயி (தனிமை), இந்தஜார் (காத்திருப்பு), ஜமானா (உலகம், ஊர்வாய்), மன்ஜில் (சேருமிடம்), மெஹ்ஃபில் (பாட்டுச் சபை), தக்தீர் (தலையெழுத்து), நஸர் (பார்வை), ஷமா (சுடர்), பர்வானா (அதில் விழும் விட்டில்). ஒரு காகிதத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நாலு படத்துக்குப் பிறகு தேவைப்படாது.

எந்த ஆங்கில சப்டைட்டிலும் சொல்லாத ஒன்றைக் காதால் பிடிக்க வேண்டும். நமக்கு 'நீங்கள்', 'நீ' இரண்டுதான். அங்கே ஆப், தும், தூ என்று மூன்று படி. எழுத்தில் மூன்றும் ஒரே சொல்லாகத்தான் வரும். நாயகி ஆப் என்று பேசிக்கொண்டிருந்தவள் தும்முக்கு இறங்கும் இடம்தான் பல படங்களில் காதல் ஒத்துக்கொண்ட இடம். சண்டையில் மறுபடி ஆப் என்று ஏறினால் கதவு சாத்தியாயிற்று.

அடுத்து வெட்டு. மூன்று மணி நேரப் படத்தை விளம்பரத்தோடு அடக்கப் பார்ப்பவர்கள் முதலில் கை வைப்பது பாட்டில்தான். உங்கள் பிரதி முழுசா என்று தெரிய படத்தின் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். 13,500 அடி என்றால் 150 நிமிடம். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். திரையில் காட்டும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்தாறு நிமிடம் குறைந்தால் பதற வேண்டாம். ஃபிலிம் விநாடிக்கு 24 ஃபிரேம்; நம் ஊர் டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றியபோது பல சமயம் 25 ஆக ஓட்டினார்கள். அதனால் 180 நிமிடப் படம் 173 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டு இல்லை, லதாவின் சுருதி மட்டும் முக்கால் ஸ்வரஸ்தானம் ஏறியிருக்கும். 180 நிமிடப் படம் 150 என்று காட்டினால் வெட்டியிருக்கிறார்கள்.

வர்ணத்துக்கு வருவோம். 1960-இல் வந்த 'முகல்-ஏ-ஆஸம்' பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. சீஷ் மஹாலில் மதுபாலா அக்பர் முன்னால் ஆடும் பாட்டும் கடைசிப் பகுதியும்தான் வர்ணத்தில் எடுத்தவை. இரண்டு மணி நேரம் சாம்பல் நிறத்தில் பழகிய கண்ணுக்கு அந்தக் கண்ணாடி மண்டபம் திடீரென்று வர்ணத்தில் திறப்பதுதான் இயக்குநர் கே. ஆசிஃப் வைத்திருந்த வேட்டு. 2004-இல் முழுவதற்கும் கம்ப்யூட்டரில் வர்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். வேட்டு நமத்துப்போயிற்று. 197 நிமிடம் 177 ஆகவும் குறைந்தது. நீங்கள் பார்த்தது அதுதான். 'நயா தௌர்', 'ஹம் தோனோ' படங்களுக்கும் பின்னாளில் இப்படி வர்ணம் பூசினார்கள். கறுப்பு வெள்ளையில் ஒளிப்பதிவாளர் முகத்தையும் சுவரையும் வெளிச்சத்தால் பிரித்துக் காட்டியிருப்பார். அதன்மேல் வர்ணம் ஏற்றினால் எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். எந்தப் படமானாலும் முதலில் வந்த வடிவத்தையே கேட்டு வாங்குங்கள்.

நெற்றி காணாமல் போன விஷயம் சுலபம். 1950-களின் படங்களில் மிகப் பெரும்பாலானவை அகலம் நாலு, உயரம் மூன்று என்ற சதுரவாக்கில் எடுத்தவை. இன்றைய டிவி 16-க்கு 9. திரை நிரம்ப வேண்டும் என்று பெரிதாக்கினால் மேலும் கீழும் அறுபடும். இழுத்தால் எல்லோரும் குண்டாவார்கள். ரிமோட்டில் பிக்சர் சைஸை 4:3 ஆக்கச் சொல்லுங்கள் பேரனிடம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது வரத்தான் வேண்டும். படத்தில் வண்டிச் சக்கரமோ கடிகாரமோ வரும்போது பாருங்கள்: வட்டமாக இருந்தால் சரி, முட்டை மாதிரி இருந்தால் இன்னும் இழுத்திருக்கிறது. டைட்டில் எழுத்துகளே மேலே கீழே அறுபட்டிருந்தால் பிரதியே வெட்டியது, செட்டிங்கால் ஆகாது. 'காகஸ் கே பூல்' (1959) மட்டும் வேறு: இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம், அதற்குப் பட்டை மேலும் கீழும்தான். கையோடு டிவியில் 'விவிட்' என்றிருப்பதை 'மூவி' அல்லது 'சினிமா' என்று மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எந்தப் படமும் சீரியல் மாதிரி தெரியும்.

இனி எதில் தொடங்குவது? 'தலைசிறந்த நூறு படங்கள்' பட்டியலைத் தூக்கிப்போடுங்கள். உங்களுக்குக் கதை ஏற்கெனவே தெரிந்த படத்தில் தொடங்குங்கள். ஸ்ரீதர் தம் 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தைத் தாமே 1963-இல் 'தில் ஏக் மந்திர்' என்று எடுத்தார். கல்யாண்குமார் இடத்தில் ராஜேந்திர குமார், முத்துராமன் இடத்தில் ராஜ் குமார், தேவிகா இடத்தில் மீனா குமாரி. அடுத்து நடக்கப்போவது தெரியும் என்பதால் கண் சப்டைட்டிலைத் துரத்தாது, முகத்தில் நிற்கும். மீனா குமாரியை அறிய அதுவே வழி. அதன்பின் 'ஆசாத்' (1955): கோவை பட்சிராஜாவின் ஸ்ரீராமுலு நாயுடு தம் 'மலைக்கள்ள'னை திலீப் குமாரை வைத்து எடுத்தது. சோக நாயகன் என்று பேர் வாங்கியவர் வேஷம் கட்டிக் கும்மாளம் போடுவார். சாயி, சுப்புலட்சுமி சகோதரிகளின் நடனம் ஒன்றும் உண்டு, தவறவிடாதீர்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை'யைப் பார்த்தவர் 'ராம் அவுர் ஷியாம்' (1967) பார்த்தால் இரட்டை வேஷத்தில் எம்.ஜி.ஆருக்கும் திலீப்புக்கும் உள்ள தூரம் தெரியும். யார் மேல் என்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆசிரியருக்கு வரும் கடிதங்களைத் தாங்க முடியாது.

நாலாவதாக 'சி.ஐ.டி.' (1956). தேவ் ஆனந்த், ஓ.பி. நய்யர் இசை, விறுவிறுப்பான துப்பறியும் கதை. செங்கல்பட்டில் பிறந்த வஹீதாவுக்கு இது முதல் ஹிந்திப் படம். அதன்பிறகு பாட்டோடு 'பியாஸா'வுக்குத் திரும்பினால் ஒரே வருட இடைவெளியில் அவர் எங்கே போயிருக்கிறார் என்று பார்க்கலாம்.

பிறகு பிமல் ராயின் 'பந்தினி' (1963), நடிகை நூதனுக்காக. கொலை செய்யத் துணியும் அந்த இடத்தில் அவருக்கு வசனம் கிடையாது. வெளியே சம்மட்டி அடிக்கும் சத்தம், வெல்டிங் வெளிச்சம் முகத்தில் வந்து வந்து போவது, அவ்வளவுதான். அந்தக் காட்சிக்கு மொழியே வேண்டாம்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு துருப்பு இருக்கிறது: குரல்கள். முகேஷ் என்றால் பெரும்பாலும் ராஜ் கபூர், துள்ளும் ரஃபி என்றால் ஷம்மி கபூர், கிஷோர் என்றால் தேவ் ஆனந்த், பின்னால் ராஜேஷ் கன்னா. இந்த முடிச்சு அவிழும் இடங்களும் ருசிதான். 'மதுமதி'யில் (1958) முகேஷ் பாடுவது திலீப் குமாருக்கு, நம் ஏ.வி.எம். எடுத்த 'சோரி சோரி'யில் (1956) ராஜ் கபூருக்கு மன்னா தே.

தூக்கம் வருகிறதே என்று வெட்கப்பட வேண்டாம். இந்தப் படங்கள் இடைவேளையை வைத்துக் கட்டியவை. இடைவேளை எழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு மீதியை மறுநாள் பாருங்கள். அதற்கு முன்னால் நிறுத்தினால் மட்டும் மறுநாள் நூல் கிடைக்காது.

'முகல்-ஏ-ஆஸ'த்தை ஏழாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் பிரதி கிடைத்த பிறகுதான். சீஷ் மஹால் வருமுன் விளக்கை அணைத்துவிட்டு, பேரனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வர்ணம் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.