விண்கலச் சிமுலேட்டரில் ஆட்டோபைலட்டின் துணையோடு வளிமண்டல மறுநுழைவைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

ஆர்பிட்டர் என்னும் கணினி விண்பறப்புச் சிமுலேட்டரில், எக்ஸ்ஆர்-2 என்னும் இறக்கையுள்ள கற்பனைக் கலத்தின் ஆட்டோபைலட்டை இயக்கிவிட்டு இறங்கினால், கலம் ஒருமுறை மேலே துள்ளிவிடுகிறது, மறுமுறை எரிந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் நெடுநாள் தடுமாறியிருக்கிறேன். கலத்தின் கோணத்தையும் சாய்வையும் பிடித்து வைப்பது மட்டுமே அந்த ஆட்டோபைலட்டின் வேலை. ஓடுதளம் எங்கே இருக்கிறது, கலத்திடம் இன்னும் எவ்வளவு ஆற்றல் மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கு முழுவதும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

முதலில், எந்தக் கோணத்தைப் பிடிக்கச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். அடிவானத்திலிருந்து மூக்கு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது ஒன்று. எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் தாக்குகோணம் வேறொன்று. நுழைவின் தொடக்கத்தில் பாதை ஏறக்குறையக் கிடைமட்டமாக இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பின்னர் பாதை கீழ்நோக்கி 10 பாகை சாயும்போது, மூக்கை 40 பாகையில் பிடித்திருக்கும் கலத்தின் தாக்குகோணம் 50 பாகையாகிவிடும். என் கலங்கள் பல கட்டுப்பாடிழந்து சுழன்றதற்குக் காரணம் இதுவே என்பதை மிகத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். ஆகவே தாக்குகோணத்தையே பிடிக்குமாறு அமைத்து, 40 பாகை கொடுங்கள். அமெரிக்க விண்வெளி ஓடமும் அதிவேகக் கட்டத்தில் ஏறத்தாழ இதே கோணத்தில்தான் வந்தது.

துள்ளலுக்கு மருந்து பக்கச் சாய்வு. இறக்கைகள் சமமாக இருக்கும்போது, 40 பாகையில் உண்டாகும் தூக்குவிசை முழுவதும் கலத்தை மேலே தள்ளுகிறது. அந்த நேரத்தில் மூக்கைத் தாழ்த்தத் தோன்றும். ஆனால் தாழ்த்தினால் வேகத்தைத் தடுக்கும் காற்றின் இழுவிசை குறைந்து, அதிவேகம் குறையாமலே அடர்ந்த காற்றுக்குள் போக நேர்வதோடு, வெப்பக் காப்பு இல்லாத பகுதிகளும் அனலுக்கு முன் வரும். தாக்குகோணத்தை மாற்றாமல் கலத்தை 60 பாகை பக்கவாட்டில் சாய்த்தால், மேல்நோக்கிய தூக்குவிசை பாதியாகிவிடும். விண்வெளி ஓடம் சில வேளைகளில் 70 பாகைக்கு மேலும் சாய்ந்து வந்தது.

120 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில், கிடைமட்டத்துக்கு 1.2 பாகை கீழாக நுழைந்தால் இறங்குவேகம் நொடிக்கு 160 மீட்டரை ஒட்டி இருக்கும். 75 கிலோமீட்டர் உயரத்தை நெருங்கும்போது இறங்குவேகத்தை நொடிக்கு 50, 60 மீட்டருக்குக் கொண்டுவந்து நிறுத்துவது என் வழக்கம். இறங்குவேகம் சுழியத்தை நோக்கிக் குறைந்தால் சாய்வைக் கூட்டுவேன், அதிகமானால் குறைப்பேன். சாய்வை மாற்றியதும் இறங்குவேகம் உடனே மாறிவிடாது என்பதால், ஒரு நேரத்தில் 5 பாகை மட்டும் மாற்றிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் மாற்றி மாற்றித் திருத்தினால், நாமே கலத்தை மேலும் கீழும் அலைக்கழிப்போம்.

சாய்வு கலத்தைப் பக்கவாட்டிலும் திருப்புகிறது. அதனால் இலக்கின் திசை விலகத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். அப்போது இறக்கைகள் சமநிலையைக் கடக்கும் சில நொடிகளில் தூக்குவிசை முழுவதும் மீண்டும் மேல்நோக்கி வந்துவிடுவதால், இறங்குவேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

எக்ஸ்ஆர்-2 கலத்தில் நுழைவுக்கு முன்பே எல்லாக் கதவுகளும் மூடியிருக்கின்றனவா, துணை மின் அலகு ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அலகு ஓடாவிட்டால் காற்றில் கலத்தைத் திருப்பும் பரப்புகள் அசையாது. காலத்தை வேகப்படுத்தும் வசதியை வளிமண்டலத்துக்குள் தொடவே வேண்டாம். சிமுலேட்டர் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே விடும் கால இடைவெளி நீண்டுவிடுவதால், ஆட்டோபைலட் தேவைக்கு மேல் திருத்தி, அந்தத் திருத்தத்தையே மீண்டும் திருத்தி, கலத்தை ஆட்டத் தொடங்கிவிடும்.

1988 நவம்பர் 15 அன்று சோவியத்தின் புரான் விண்வெளி ஓடம் ஆளே இல்லாமல் சுற்றுப்பாதையிலிருந்து திரும்பி ஓடுதளத்தில் இறங்கியதே என்று நீங்கள் கேட்கலாம். அதன் கணினிகள் கோணத்தைப் பிடித்ததோடு நிற்காமல், பாதையையும் ஆற்றலையும் தாமே கணக்கிட்டு வழிநடத்தின. எக்ஸ்ஆர்-2 கலத்தில் அந்த வழிநடத்தும் பணியைச் செய்ய வேண்டியவர் நீங்கள்.

வெப்பக் கட்டம் முடிந்தபின், வேகம் குறையக் குறையத் தாக்குகோணத்தைப் படிப்படியாக இறக்குங்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது ஆட்டோபைலட்டை நிறுத்திவிட்டு, ஓடுதளம் வரை கையாலேயே ஓட்டுவேன்.