வானம் திரையில் நடுங்குவது ஏன்? நட்சத்திரச் செயலிகளும் போன் சென்சார்களும்: கேள்வி பதில்

கேள்வி: போனை அசைக்காமல் பிடித்தாலும் ஸ்கை மேப்பில் (போனை நீட்டும் திசையில் உள்ள வானத்தைத் திரையில் காட்டும் செயலி) நட்சத்திரங்கள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. போன் பழுதா?

பழுதாக இருக்காது. உங்கள் போனில் சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப் இல்லாமல் இருக்கலாம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள். அப்போது செயலிக்கு மிஞ்சுவது ஆக்ஸிலரோமீட்டரும் காந்தமானியும்தான். முதலாவது தரை எந்தப் பக்கம் என்று சொல்லும், கை நடுக்கத்தையும் சேர்த்தே சொல்லும். இரண்டாவது வடக்கைச் சொல்லும், ஆனால் நிலையாக நிற்காமல் முன்னும் பின்னும் ஆடும். நிலாவின் அகலமே அரைப் பாகைதான் என்பதால் ஒரு பாகை ஆட்டம்கூடக் கண்ணை உறுத்தும்.

ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும், சென்சார் மதிப்புகளைக் காட்டும் ஃபைஃபாக்ஸ் செயலியைத் திறந்து, கைரோஸ்கோப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கை மேப் செட்டிங்ஸில் சென்சார் டேம்பிங்கை (ஆட்டத்தைத் தணிக்கும் அளவு) கூட்டுங்கள். நடுக்கம் குறையும், பதிலுக்கு வானம் கொஞ்சம் பின்தங்கி வரும். அந்தப் போனில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: சார், ஆண்ட்ராய்டில் சொந்தமாக ஒரு வான்செயலி எழுதுகிறேன். ஆக்ஸிலரோமீட்டர், காந்தமானி இரண்டின் மதிப்புகளையும் லோ-பாஸ் ஃபில்டரில் (வேகமான ஆட்டங்களை வடிகட்டுவது) விட்டேன். நடுக்கம் போய்விட்டது. ஆனால் போனைத் திருப்பினால் வானம் ஒரு நொடி கழித்துத்தான் வருகிறது.

சராசரி எடுத்து நடுக்கத்தைக் குறைக்கிற எந்த வழியும் தாமதத்தைக் கொண்டுவந்தே தீரும். எவ்வளவு மென்மையோ அவ்வளவு தாமதம். இதிலிருந்து தப்ப கைரோவை முன்னால் வையுங்கள், காந்தத்தைப் பின்னால் தள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் 'ரொட்டேஷன் வெக்டர்' மூன்று சென்சார்களையும் கலந்து, போன் எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்லும். 'கேம் ரொட்டேஷன் வெக்டர்' காந்தத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் கலக்கும். இரண்டாவது மிக மென்மையாக ஓடும், ஆனால் அதற்கு வடக்கு தெரியாது. எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். படத்தை கேம் வெக்டரை வைத்தே வரையுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள திசைக்கோண (வடக்கிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணம்) வேறுபாட்டை மட்டும் தனியே எடுத்து, 2 முதல் 5 நொடி நேர மாறிலியில் மெதுவாகச் சமன்செய்து, செங்குத்து அச்சைச் சுற்றிய திருப்பமாகச் சேருங்கள். கை அசைவுக்கு உடனே பதில் கிடைக்கும், காந்த ஆட்டம் திரைக்கு வராது.

சென்சார் வேகம் 20 மில்லிநொடி, அதாவது 50 ஹெர்ட்ஸ் போதும். கால இடைவெளியைச் சென்சார் நிகழ்வோடு வரும் நானோநொடி முத்திரையிலிருந்தே கணக்கிடுங்கள். நிகழ்வு உங்கள் நிரலுக்கு வந்து சேரும் நேரம் சீராக இருக்காது. அதை நம்பினால் நீங்களே புதிதாக ஒரு நடுக்கத்தை உண்டாக்குவீர்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரையாமல், திரை புதுப்பிக்கும்போது கடைசி மதிப்பை எடுத்து வரையுங்கள்.

இன்னும் கொஞ்சம் மென்மை வேண்டுமானால் 2012-இல் வெளிவந்த 'ஒன் யூரோ' ஃபில்டரைப் பாருங்கள். மெதுவான அசைவில் அழுத்தமாகவும் வேகமான அசைவில் லேசாகவும் வடிகட்டும். பீட்டாவை (வேகம் கூடும்போது வடிகட்டலை எவ்வளவு தளர்த்துவது என்ற அளவு) 0-வில் வைத்து, போனை அசையாமல் பிடித்து, நடுக்கம் நிற்கும்வரை குறைந்தபட்ச வெட்டு அதிர்வெண்ணை (இதைவிட வேகமான ஆட்டம் வடிகட்டப்படும்) 1 ஹெர்ட்ஸிலிருந்து இறக்குங்கள். பிறகு வேகமாகத் திருப்பிப் பார்த்து, தாமதம் மறையும்வரை பீட்டாவை ஏற்றுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: வடக்கைக் கடக்கும்போது மட்டும் வானம் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது.

359-க்கும் 1-க்கும் சராசரி 180 என்று வருகிறது. கோணங்களைச் சராசரி எடுக்காதீர்கள், குவாட்டர்னியனில் (சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் முறை) ஸ்லெர்ப் (இரு சுழற்சிகளுக்கு இடையே சீராக நகர்த்தும் கணக்கு) செய்யுங்கள். இரண்டு குவாட்டர்னியன்களின் புள்ளிப் பெருக்கல் எதிர்மறையாக வந்தால் ஒன்றின் குறியை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் நீளமான வழியில் சுற்றிவரும்.

கேள்வி: உச்சிவானத்தை நோக்கினால் திரை பைத்தியம் பிடித்ததுபோல் சுழல்கிறது.

தலைக்கு நேர் மேலே திசைக்கோணம் என்பதே இல்லாமல் போகிறது. அங்கே ஒரு பாகை கை ஆடினாலும் வடக்கு தெற்காக மாறிவிடும். கோணங்களாகப் பிரித்துத் திரும்பச் சேர்க்கும் நிரல் எதுவும் இங்கே உடையும். சுழற்சி அணியை அப்படியே படம் வரையும் கற்பனைக் கேமராவுக்குக் கொடுங்கள். பின்கேமரா நோக்கும் திசை, அணியின் மூன்றாம் நெடுவரிசையின் எதிர்மறை. ஒன்பது உறுப்பு அணியில் 0-விலிருந்து எண்ணி 2, 5, 8 ஆகிய உறுப்புகளைக் குறி மாற்றினால் கிழக்கு, வடக்கு, மேல் என்ற மூன்று கூறுகள் கிடைக்கும். உயரக்கோணம் மூன்றாவதன் ஆர்க்சைன். அதையும் திசைக்கோணத்தையும் எழுத்தில் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அண்ணா, படம் மென்மையாகத்தான் ஓடுகிறது. ஆனால் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் வியாழன் ஒரு முஷ்டி அகலம் தள்ளித் தெரிகிறது.

கை நீட்டிய முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. இது நடுக்கக் கோளாறு அல்ல, திசைக் கோளாறு. எந்த ஃபில்டரும் இதைச் சரிசெய்யாது. முதலில் காந்த மூடியுள்ள போன் கவரையும் காந்த ஸ்டாண்டையும் கழற்றுங்கள். பிறகு ஃபைஃபாக்ஸில் காந்தப்புலத்தின் மொத்த அளவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா வரவேண்டும். 60, 70 என்று காட்டினால் அருகில் இரும்பு இருக்கலாம்: தளத்துக் கம்பி, தண்ணீர்த்தொட்டி ஏணி, நிறுத்திய வண்டி. நாலடி நகர்ந்து மறுபடி பாருங்கள். இடம் மாறியும் எண் இறங்காவிட்டால் போனை எட்டு வடிவில் சில முறை சுழற்றி அளவுதிருத்தம் செய்யுங்கள். இரும்புக்குப் பக்கத்திலேயே நின்று செய்தால் அந்தப் பிழையையே போன் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: டொரண்டோவில் இருக்கிறேன். இங்கே திசை எந்நேரமும் தள்ளியே காட்டுகிறது.

உங்கள் ஊரில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 10 பாகை மேற்கே விலகியிருக்கிறது. தமிழ்நாட்டில் இது 1 முதல் 2 பாகைதான், அங்கே கவனிக்காமல் விட்டாலும் பெரிதாகத் தெரியாது. ஸ்கை மேப்பில் காந்தத் திருத்தத்தையும் இருப்பிட அனுமதியையும் இயக்குங்கள். இன்னொன்று: காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிச் செல்வதால் அங்கே புலம் கிட்டத்தட்ட முழுக்கக் கிடைமட்டம். டொரண்டோவில் அது செங்குத்துக்கு நெருங்கிய சாய்வில் தரைக்குள் பாய்கிறது. திசை காட்டும் கிடைமட்டப் பகுதி பாதிக்கும் குறைவு. அதனால் அதே இரும்புத்துண்டு உங்களிடம் இரு மடங்கு குழப்பம் செய்யும்.

கேள்வி: தொலைநோக்கியில் போனைக் கட்டி, பொருளைத் தேட முடியுமா?

இரும்புக் குழாயில் கட்டினால் காந்தமானியை மறந்துவிடுங்கள். கேம் வெக்டரை மட்டும் வைத்து, திருவாதிரையோ சுவாதியோ ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் குழாயில் நடுப்படுத்தி, செயலியையும் அதற்கே பொருத்துங்கள். கைரோ மெல்ல விலகும் என்பதால் அடுத்த பொருளுக்குப் போகும் முன் பக்கத்து நட்சத்திரத்தில் மறுபடி பொருத்துங்கள். இப்படி ஃபைண்டர் (குழாயோடு இணைந்த சிறு தொலைநோக்கி) வட்டத்துக்குள் கொண்டுவரலாம். ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) ஒரு பாகை வட்டத்துக்குள் விழவைப்பது சென்சாரால் ஆகாது. தொலைநோக்கி நிறுவனமான செலஸ்ட்ரானின் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் போன் கேமராவில் நட்சத்திரங்களைப் படமெடுத்து நிலையைக் கணிப்பது அதனால்தான்.

கேள்வி: வலைப்பக்கமாக எழுதியதை ஐபோனில் திறந்தால் சென்சார் மதிப்பே வரவில்லை.

ஐஓஎஸ் 13 முதல் பயனர் ஒரு பொத்தானைத் தொட்ட பிறகே அனுமதி கேட்க முடியும். பக்கம் ஏற்றும்போதே கேட்டால் மறுக்கப்படும். முகவரி எச்டிடிபிஎஸ் ஆக இருக்கவேண்டும். அனுமதி கிடைத்தபின் வரும் ஆல்ஃபா கோணத்தை (போன் செங்குத்து அச்சில் திரும்பிய அளவு) வடக்காக எடுக்காதீர்கள், பக்கம் தொடங்கியபோது போன் இருந்த நிலையைப் பொறுத்தது அது. வடக்குக்கு வெப்கிட் (ஐபோன் உலாவியின் இயங்குபொறி) தரும் திசைகாட்டி மதிப்பைத் தனியாகப் படியுங்கள்.