ஆர்.சி. (ரிமோட்டில் இயங்கும்) ட்ரக்கைக் கிட்டாக வாங்கி நாமே பூட்டுவது புதியவருக்குச் சரிவருமா?

கேள்வி: ரிமோட்டில் இயங்கி, கல்லிலும் மண்ணிலும் ஏறி இறங்கக்கூடிய 1/10 அளவு ட்ரக் ஒன்றை வாங்க விரும்புகிறேன். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓட்டும் வகையை வாங்குவதா, தனித்தனிப் பாகங்களாக வரும் கிட்டாக வாங்கி நானே பூட்டுவதா? எனக்கு முன் அனுபவம் இல்லை.

பதில்: கிட்டாகவே வாங்குங்கள். கரடுமுரடான தரையில் ஓடும் வண்டி என்றைக்காவது பழுதாகத்தான் செய்யும்; ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் தண்டான லிங்க் ஒன்று வளையும், கியருக்குள் மணல் புகும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசியும். தயாராக வந்த வண்டியை வாங்கியவர் அன்றைக்குத்தான் முதன்முறையாக அதன் உள்ளே பார்க்கிறார். தானே பூட்டியவருக்கோ, எந்த ஸ்க்ரூவை எடுத்தால் எந்தப் பாகம் கழன்று வரும் என்பது கைக்கே தெரிந்திருக்கும். அனுபவம் இல்லாதது தடையாகாது என்று உறுதியாகச் சொல்கிறேன். பொறுமை இல்லாததுதான் தடையாகும்.

புதியவருக்குக் கைகொடுப்பது கிட்டோடு வரும் வழிகாட்டி நூல். ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் தன் முதல் ரேடியோ கார் கிட்டான போர்ஷே 934-ஐ 1976-இல் வெளியிடுவதற்கு முன்பே, பிளாஸ்டிக் மாதிரி விமானங்களையும் டாங்குகளையும் கிட்டாக விற்று அனுபவம் பெற்றிருந்தது. படம் பார்த்தே செய்து முடிக்கும்படி வழிகாட்டி நூலை அமைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. ஒவ்வொரு படியிலும் தேவைப்படும் ஸ்க்ரூக்கள் பக்க ஓரத்தில் உண்மை அளவிலேயே வரையப்பட்டிருக்கும். கையில் உள்ள ஸ்க்ரூவை அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் 8 மில்லிமீட்டரா, 10 மில்லிமீட்டரா என்ற குழப்பம் தீர்ந்துவிடும். அதே நிறுவனத்தின் புரூசர் (1985-இல் வந்து 2012-இல் மறுபடி வெளியிடப்பட்டது) உலோக ஏணிச் சட்டமும், இலை ஸ்பிரிங்கும், மூன்று வேக கியர்பாக்ஸும் கொண்ட அருமையான வண்டி. ஆனாலும் முதல் கிட்டாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னும் பின்னும் வளையாத ஆக்சில், ஒவ்வொன்றுக்கும் நான்கு லிங்க், ஒரே மோட்டார் என்ற அமைப்பில் உள்ள, அதே நிறுவனத்தின் சிசி-02 போன்ற சேஸி (அடிச்சட்டம்) தொடங்குவதற்கு ஏற்றது. கீழே சொல்வதெல்லாம் அந்த வகையை மனத்தில் வைத்தே.

கிட்டின் விலை முழுச் செலவாகாது என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்), ரிசீவர் (அதன் சமிக்ஞையை வண்டியில் பெறும் கருவி), சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்), பேட்டரி, சார்ஜர், பாடிக்கான (மேற்கூட்டுக்கான) பெயின்ட் ஆகியவை பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி சில கிட்டுகளில் வரும், சிலவற்றில் வராது.

கருவிகளில் ஒன்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தமியா கிட்டின் கூட்டல் குறித் தலை ஸ்க்ரூக்கள் ஜிஸ் எனப்படும் ஜப்பானியத் தர அளவில் அமைந்தவை. பார்வைக்குப் பிலிப்ஸ் வகை போலவே இருந்தாலும், சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருகினால் முனை வழுக்கி மேலேறித் தலை தேய்ந்துவிடும். ஜிஸ் முனை கொண்ட நல்ல ஸ்க்ரூடிரைவர் ஒன்றுக்குச் செலவழிப்பது வீணாகாது. பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடும்போது, முதலில் எதிர்த் திசையில் மெல்லத் திருப்புங்கள். பழைய மரையில் அது விழுவது விரலுக்கு உணர்வாகத் தெரியும், அதன் பிறகு முறுக்குங்கள். இல்லாவிட்டால் பழைய மரைக்குக் குறுக்கே புதிய மரை வெட்டப்பட்டு, பிடிப்பே போய்விடும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களில், குறிப்பாக மோட்டாரைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களிலும் மோட்டார் அச்சில் மாட்டும் சிறு கியரான பினியனின் சிறு ஸ்க்ரூவிலும், ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப் பசையை ஒரு துளி இடுவது அவசியம். அதே பசை பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடக்கூடும் என்பதால் அங்கே தவிர்க்க வேண்டும்.

கியர்பாக்ஸைப் பூட்டும்போது பலரும் கிட்டுடன் வரும் பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ்களையே (அச்சைத் தாங்கும் வளையங்களையே) போட்டுவிட்டு, பேரிங்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பின்னர் மாற்ற வேண்டுமானால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே பால் பேரிங்குகளை (பெரும்பாலும் 5 மி.மீ. உள் விட்டமும் 11 மி.மீ. வெளி விட்டமும் கொண்டவை) இப்போதே வாங்கிப் போடுங்கள். பற்களில் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். மூடிய பிறகு அச்சை விரலால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, எங்கேனும் இறுக்கம் தட்டுப்பட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மோட்டாரின் பினியனுக்கும் பெரிய கியருக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து நெருக்கி, ஸ்க்ரூவை முறுக்கியபின் கியரைச் சுழற்றிக் காகிதத்தை வெளியே எடுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும். மிகவும் நெருங்கியிருந்தால் மோட்டார் சூடாகும், மிகவும் விலகியிருந்தால் பல் உடையும்.

ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை, அப்படிச் சுழலாதபடி லாக் செய்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். திறந்த டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணாகச் சுழலும், தரையில் உள்ள சக்கரம் அசையாது. பாறை ஏறும் வண்டிக்கு இரு சக்கரமும் சேர்ந்து சுழல வேண்டும் என்பதால் லாக் செய்வது சரியே. அதற்கு விலையாக வண்டி திரும்புவதற்கு அகலமான இடம் தேவைப்படும், தார்ச்சாலையில் டயர் தேயும். பெரும்பாலும் வீட்டு முற்றத்திலும் சாலையிலும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பின் ஆக்சிலை மட்டும் லாக் செய்து பாருங்கள்.

ஷாக் அப்சார்பர்களுக்கென்று ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்குங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். தண்டின் முனையில் பந்து மூட்டுப் பாகத்தை முறுக்கும்போது தண்டை வெறும் பிளையரால் பிடிக்கக் கூடாது. துணி சுற்றிப் பிடியுங்கள். தண்டில் விழும் சிறு கீறல்கூட ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் ரப்பர் வளையத்தை அறுத்து, எண்ணெயைக் கசியவிடும். வளையத்தில் முதலிலேயே சிறிது எண்ணெய் தடவிவிடுங்கள். பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி, சிலிகான் எண்ணெயை விளிம்புவரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் குமிழ்கள் ஏறி வரும். அவை முழுவதும் அடங்கும்வரை ஷாக்கை நிமிர்த்தி வைத்துக் காத்திருங்கள். உள்ளே காற்று மிஞ்சினால் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றே அமுங்கும். அந்தச் சக்கரம் தரையைப் பற்றாமல் துள்ளும். மூடிய பின் தண்டை முழுவதும் அழுத்திவிட்டு, அது எவ்வளவு தானாக வெளியே வருகிறது என்று பாருங்கள். இடது ஷாக்கும் வலது ஷாக்கும் அதே அளவு வர வேண்டும். மாறுபட்டால் மூடியைத் திறந்து எண்ணெயின் அளவைச் சரிசெய்யுங்கள். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்ற இதே விதி லிங்குகளுக்கும் பொருந்தும். வெர்னியர் அளவியால் அளந்து சமமாக வைக்காவிட்டால் ஆக்சில் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சர்வோவைச் சேஸியில் பொருத்துவதற்கு முன் ரிசீவரோடு இணைத்து, டிரான்ஸ்மிட்டரின் டிரிம்மை (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் குமிழை) பூஜ்யத்தில் வைத்து மின்சாரம் கொடுங்கள். சர்வோ தன் நடுநிலைக்கு வந்து நின்ற பிறகே அதன் கையை நேராகப் பூட்ட வேண்டும்.

பாலிகார்பனேட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) பாடிக்கு உட்புறம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பால் உள்ளே கழுவிக் காயவைத்தபின், அடர்ந்த நிறத்தை முதலிலும் வெளிர் நிறத்தைப் பிறகும் அடியுங்கள். வெளிப்புறத்தில் ஒட்டியுள்ள காப்புத் தாளைக் கடைசியில் உரியுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்கினால் இரண்டு செல் வகை (7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4 வோல்ட்) போதும். இஎஸ்சியில் லிப்போவுக்கான மின்னழுத்த வெட்டு அமைப்பு (மின்னழுத்தம் மிகவும் குறைந்தால் மோட்டாரை நிறுத்துவது) இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆளில்லாத அறையில் ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள்.

முதல் ஓட்டத்தை ஐந்து நிமிடத்தில் நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பினியன் இடைவெளியையும் கியர்பாக்ஸின் இறுக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். சூடு மிதமாக இருந்தால் சக்கர நட்டுகளையும் லிங்க் ஸ்க்ரூக்களையும் ஒருமுறை முறுக்கிவிட்டு ஓட்டத்தைத் தொடருங்கள்.